தாதியர் கல்வியும் தலைமைத்துவமும்: ஊவா மலையகம் கோரவேண்டிய பங்கு

பண்டாரவளையைச் சூழவுள்ள தோட்டங்களில் வாழும் ஒருவர் நோயுற்றால் அவர் செல்லும் பாதை அனைவரும் அறிந்ததே. முதலில் தோட்ட மருந்தகம், அடுத்துப் பண்டாரவளை வைத்தியசாலை அல்லது தியத்தலாவை ஆதார வைத்தியசாலை, நோய் முற்றினால் பதுளை போதனா வைத்தியசாலை. பூனாகலை, கொஸ்லந்தை, ஹப்புத்தளை பகுதிகளின் மலைப்பாதைகளில் இந்தப் பயணம் எத்துணை கடினமானது என்பது பற்றிப் பலரும் பேசியுள்ளனர். பாதைகள், அம்புலன்ஸ் வண்டிகள், கட்டடங்கள் ஆகியன குறித்துக் கோரிக்கைகள் எழுப்பப்பட்டே வந்துள்ளன. ஆனால் அந்தப் பயணத்தின் முடிவில் நோயாளியின் கட்டிலருகே நிற்பவர் யார், அவருடைய மொழியில் பேசக் கூடிய தாதி ஒருவர் அங்கு உள்ளாரா என்ற வினா மலையக அரசியலிலோ சமூக அமைப்புகளின் தீர்மானங்களிலோ உரிய இடத்தைப் பெறவில்லை.

வைத்தியர் நோயாளியைச் சில நிமிடங்களே பார்க்கிறார். இரவும் பகலும் உடனிருந்து, சுவாசத்தையும் நாடியையும் கவனித்து, மாற்றத்தை முதலில் உணர்ந்து, வைத்தியரை அழைக்க வேண்டுமா என்று தீர்மானிப்பவர் தாதியே. அந்தத் தீர்மானத்திற்கு அடிப்படையாக அமைவது பெரும்பாலும் நோயாளியின் வாய்ச்சொல்தான். தோட்டத்துத் தாய் ஒருத்தி ‘நெஞ்சு கரிக்குது’ என்பதற்கும், ‘நெஞ்சு அடைக்குது’ என்பதற்கும், ‘நெஞ்சில குத்துது’ என்பதற்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டு. முதலாவது வயிற்றுப் புளிப்பினால் வந்ததாக இருக்கலாம். இரண்டாவது மாரடைப்பின் அறிகுறியாக இருக்கலாம். அவளுக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில் மூன்றும் ‘பப்புவ ரிதெனவா’ என்ற ஒரே தொடராகச் சுருங்கிவிடுகின்றன. அவ்வாறு சுருங்கும் இடத்தில் ஓர் உயிர் நழுவிப் போகக் கூடும்.

இத்தகைய வேளைகளில் மொழிபெயர்ப்பவர் யார்? பெரும்பாலும் பக்கத்துக் கட்டில் நோயாளியைப் பார்க்க வந்த உறவினர், அல்லது விடுதியைச் சுத்தம் செய்யும் சிற்றூழியர். மாதவிடாய் பற்றியும் கருச்சிதைவு பற்றியும் குடும்ப வன்முறையால் ஏற்பட்ட காயம் பற்றியும் ஒரு பெண் மூன்றாம் ஆளின் வாயிலாகப் பேச வேண்டிய நிலை அவளது கண்ணியத்தையும் பாதிக்கின்றது, சிகிச்சையையும் பாதிக்கின்றது. விடுதியில் தமிழ் அறிந்த ஒரே ஊழியர் துடைப்பம் ஏந்தியவராகவே இருக்கும் நிலை மலையகச் சமூகம் எங்கு நிறுத்தப்பட்டுள்ளது என்பதையும் நமக்குக் காட்டுகின்றது.

ஒன்றை இங்கு தெளிவுபடுத்துவது கடமையாகும். ஊவாவின் வைத்தியசாலைகளில் பணியாற்றும் சிங்களத் தாதியர் பலர், ஆளணிப் பற்றாக்குறைக்கு மத்தியில், மொழி தெரியாத நோயாளிகளையும் பரிவோடு பராமரித்து வருகின்றனர். அவர்களுள் சிலர் தாமாகவே தமிழ் கற்றுள்ளனர். ஆகவே இது ஒரு சமூகத்தின் மீது மற்றொரு சமூகம் சுமத்தும் குற்றச்சாட்டன்று. தாதியர் தகைமை என்பதை எவ்வாறு வரையறுக்கிறோம், அத்தகைமையை யாரிடத்தில் வளர்க்கிறோம் என்பதே நாம் எழுப்பும் பிரச்சினை.

தாதியம் வெறும் சேவை மனப்பான்மையால் மட்டும் இயங்கும் தொழிலன்று. 1860ஆம் ஆண்டில் இலண்டன் சென். தோமஸ் வைத்தியசாலையில் புளோரன்ஸ் நைட்டிங்கேல் பயிற்சிப் பள்ளியை நிறுவியபோதே அது கற்றுத் தேர்ந்து செய்ய வேண்டிய தொழில் என்பது நிலைநாட்டப்பட்டது. அமெரிக்க அறிஞர் பற்றீசியா பென்னர் 1984இல் வெளியிட்ட நூலில், புதியவராக வரும் தாதி ஐந்து படிநிலைகளைக் கடந்தே நிபுணராகிறார் என்று விளக்கினார். விதிகளைப் பார்த்துச் செய்வது முதற்படி. நோயாளியை முழுமையாக உணர்ந்து உடனடியாக முடிவெடுப்பது இறுதிப்படி. 2014இல் ‘லான்செற்’ மருத்துவ இதழில் வெளியான ஆய்வொன்று, ஒன்பது ஐரோப்பிய நாடுகளில் சத்திரசிகிச்சை பெற்ற நான்கு இலட்சத்துக்கும் மேற்பட்ட நோயாளரின் பதிவுகளைப் பரிசீலித்தது. பட்டதாரித் தாதியரின் விகிதம் 10 சதவீதம் கூடினால் நோயாளர் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் குறைகிறது என்றும், ஒரு தாதியின் பொறுப்பில் மேலதிகமாக ஒரு நோயாளி சேரும்போது அவ்வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்றும் அது கண்டது. தாதியரின் கல்வி உயிரோடு தொடர்புடைய விடயம் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

நோயாளியை உணர்வதே தகைமையின் உச்சம் என்றால், நோயாளியின் மொழி அந்தத் தகைமையின் ஒரு பகுதியாகவே கருதப்பட வேண்டும். 1987இல் நிறைவேற்றப்பட்ட அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. 1988ஆம் ஆண்டின் 16ஆவது திருத்தம் நிர்வாகத்தில் அதற்குரிய இடத்தை விரிவுபடுத்தியது. பண்டாரவளை உட்படப் பதுளை மாவட்டத்தின் பல பிரதேச செயலாளர் பிரிவுகள் 1999இல் இருமொழி நிர்வாகப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. 2007 ஜூலை முதலாம் திகதிக்குப் பின்னர் அரச சேவையில் இணைவோர் இரண்டாவது அரசகரும மொழியிலும் தேர்ச்சி பெற வேண்டும் என்ற சுற்றறிக்கையும் வெளிவந்தது. சட்டத்திலும் சுற்றறிக்கையிலும் குறையில்லை. ஆனால் நள்ளிரவில் பிரசவ வலியோடு வரும் பெண்ணுக்குச் சுற்றறிக்கை பதில் சொல்வதில்லை.

2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி பதுளை மாவட்டத்தின் சனத்தொகை ஏறத்தாழ 8 இலட்சத்து 15 ஆயிரம். மலையகத் தமிழரும் இலங்கைத் தமிழரும் முஸ்லிம்களும் சேர்ந்து அதில் நான்கில் ஒரு பங்கிற்குச் சற்று மேற்பட்டவர்கள். இந்த விகிதத்திற்கு ஏற்பத் தமிழ் பேசும் தாதியர் இம்மாவட்டத்து வைத்தியசாலைகளில் இல்லை என்பது அங்கு சென்று வரும் எவரும் அறிந்த உண்மை. வடக்கிலும் கிழக்கிலும் இருந்து நியமனம் பெற்று வரும் தாதியர் சிலர் இங்கு நற்பணியாற்றுகின்றனர். எனினும் குடும்பத்தைப் பிரிந்து வந்தவர்கள் இடமாற்றம் பெற்று ஊர் திரும்ப விரும்புவது இயல்பே. மண்ணின் பிள்ளைகளே தாதியராகும் வரை இந்த வெற்றிடம் நிரந்தரமாக நிரம்பப் போவதில்லை.

இந்நிலை தற்செயலாக உருவானதன்று. தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைகளுக்கென 1872ஆம் ஆண்டிலேயே பிரித்தானிய ஆட்சி கட்டளைச் சட்டம் இயற்றியது. 1912இல் அது மேலும் விரிவாக்கப்பட்டது. ஆனால் அச்சட்டங்கள் தொழிலாளியை மருந்து பெறுபவராகவே கண்டன. மருந்து வழங்கும் தொழிலுக்கு அவரது மகளைப் பயிற்றுவிப்பது பற்றி எவரும் எண்ணவில்லை. தோட்ட நிர்வாகத்தின் கீழ் இயங்கிய மருந்தகமும் பிள்ளைக் காம்பராவும் தேசிய சுகாதார சேவைக்குப் புறம்பாகவே நீண்ட காலம் இருந்தன. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் இம்மக்களில் மிகப் பெரும்பான்மையினரை நாடற்றவராக்கியது. அரச தாதியர் பயிற்சிக்குத் தெரிவாவது அரச சேவையில் சேர்வதற்கான வாயிலாகும். பிரஜையாக ஏற்கப்படாதவருக்கு அந்த வாயில் மூடியே இருந்தது. எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003இல்தான் நிறைவேறியது. தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்கும் பணியும் 1970களின் பிற்பகுதியிலேயே ஆரம்பமாயிற்று. நாட்டின் ஏனைய பகுதிப் பெண்கள் தாதியராகவும் ஆசிரியர்களாகவும் நடுத்தர வர்க்கத்தினுள் நுழைந்த தலைமுறை, மலையகத்தில் நாடற்றவராய்க் கொழுந்து பறித்த தலைமுறையாகும்.

இன்று சட்டத் தடை இல்லை. கல்வித் தடை உள்ளது. அரச தாதியர் பயிற்சிக்கு உயர்தர விஞ்ஞானப் பாடங்களில் சித்தி தேவை. பண்டாரவளை, பதுளை, பசறை போன்ற நகரங்களை அண்டிய ஒரு சில தமிழ் மொழிப் பாடசாலைகளை விட்டால் விஞ்ஞானப் பிரிவு கொண்ட பாடசாலைகள் அரிது. இருக்கும் இடங்களிலும் இரசாயனவியல், பௌதிகவியல், உயிரியல் ஆகிய மூன்று பாடங்களுக்கும் ஒரே வேளையில் ஆசிரியர் அமைவது அதனினும் அரிது. சாதாரண தரத்தில் சிறந்த பெறுபேறு பெற்ற தோட்டத்து மாணவி, பஸ் கட்டணத்தையும் தனியார் வகுப்புச் செலவையும் எண்ணிக் கலைப்பிரிவைத் தெரிவு செய்கிறாள். அவள் தாதியாகும் வாய்ப்பு பதினாறு வயதிலேயே முடிந்து போகின்றது. பெற்றோர் அறியாமலும் பாடசாலை எடுத்துச் சொல்லாமலும் நிகழும் இந்த இழப்பே மிகப் பெரியது.

இந்த வெற்றிடத்தைப் பயன்படுத்தி வேறொரு சந்தையும் வளர்ந்துள்ளது. நகரந்தோறும் சில மாதங்களில் ‘தாதி’ சான்றிதழ் வழங்குவதாக விளம்பரம் செய்யும் தனியார் நிலையங்கள் காணப்படுகின்றன. நகை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன் பெற்றும் பெற்றோர் பிள்ளைகளை அங்கு அனுப்புகின்றனர். பராமரிப்பாளர் பயிற்சி பயனற்றது என்று நாம் கூறவில்லை. முறையான தேசிய தொழில் தகைமைச் சான்றிதழோடு அதைப் பெறுவோருக்கு வேலைவாய்ப்பும் உண்டு. ஆனால் பராமரிப்பாளர் வேறு, பதிவு பெற்ற தாதி வேறு. 1988ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த இலங்கைத் தாதியர் பேரவையில் பதிவு செய்யத்தக்க கற்கைநெறியா என்பதைக் கட்டணம் செலுத்துமுன் கேட்டறிவது பெற்றோரின் கடமை. கேட்கும்படி அவர்களுக்கு அறிவூட்டுவது பாடசாலை அதிபர்களின் கடமை. அரச தாதியர் கல்லூரிகளில் கட்டணம் இல்லை என்பதும், பயிற்சிக் காலத்திலேயே மாதாந்தக் கொடுப்பனவு உண்டு என்பதும் எத்தனை லயன் வீடுகளுக்குத் தெரியும்?

அரச தாதியர் பயிற்சிக் கல்லூரி ஒன்று பதுளை நகரிலேயே உள்ளது. பண்டாரவளையிலிருந்து ரயிலிலோ பஸ்ஸிலோ அடையக் கூடிய தூரத்தில் இருக்கும் அந்த நிறுவனத்தில் மலையகத் தமிழ் மாணவியரும் ஊவா முஸ்லிம் மாணவியரும் கணிசமாக இடம்பெறும் நாளே திருப்புமுனையாகும். இதற்கு முன்மாதிரி நம்மிடமே உள்ளது. பெருந்தோட்டப் பாடசாலைகளில் ஆசிரியர் இல்லாத நிலையை மாற்ற, ஜேர்மனிய உதவியுடன் பத்தனையில் ஸ்ரீபாத கல்வியியல் கல்லூரி உருவாக்கப்பட்டது. தோட்டத்து இளைஞர் யுவதியரை ஆசிரியர்களாகச் சேர்த்துக் கொள்ளும் விசேட நியமனங்களும் வழங்கப்பட்டன. குறைகள் பல இருந்தபோதும், மலையகத்தில் படித்த வர்க்கம் ஒன்று தோன்றுவதற்கு அந்த முயற்சி பெரிதும் காரணமாயிற்று. ஆசிரியர் விடயத்தில் செய்யக் கூடியதாயிருந்தது தாதியர் விடயத்தில் ஏன் செய்ய முடியாது?

விசேட ஒதுக்கீடு தரத்தைக் குறைத்துவிடும் என்ற ஆட்சேபம் எழும். அதில் ஓரளவு நியாயம் உண்டு. நோயாளியின் உயிரோடு விளையாடும் சலுகையை நாமும் கோரவில்லை. தகைமை குறைந்தோரை உள்ளே விடுவது எமது கோரிக்கையன்று. தகைமை பெறும் வழியைத் திறப்பதே எமது கோரிக்கை. நுழைவில் பின்தங்கிய மாவட்டத்தவருக்கு வாய்ப்பளித்து, பயிற்சியின்போது ஆங்கிலத்திலும் விஞ்ஞான அடிப்படையிலும் மேலதிகக் கற்பித்தல் வழங்கி, இறுதிப் பரீட்சையில் எவருக்கும் சலுகை காட்டாதிருப்பதே நேர்மையான வழி. ஊவாவில் குறிப்பிட்ட ஆண்டுகள் பணியாற்ற வேண்டும் என்ற நிபந்தனையையும் அதனுடன் சேர்க்கலாம்.

முஸ்லிம் சமூகத்திற்கும் இங்கு சிந்திக்க வேண்டிய விடயங்கள் உள. வெலிமடை, குருத்தலாவை, பண்டாரவளை, பதுளைப் பகுதிகளின் முஸ்லிம் மாணவியர் உயர்தரத்தில் நல்ல பெறுபேறுகள் பெற்றும் தாதியத் துறையை நாடுவது குறைவு. இரவுக் கடமை, விடுதி வாழ்க்கை, சீருடை ஆகியன தடையாகக் கூறப்படுகின்றன. ஆயின் இஸ்லாமிய வரலாற்றின் தொடக்கத்திலேயே மதீனாவின் மஸ்ஜிதை ஒட்டிக் கூடாரம் அமைத்துக் காயமுற்றோரைப் பராமரித்தவர் ருபைதா அல் அஸ்லமிய்யா அவர்கள். அகழ்ப் போரில் காயமடைந்த ஸஃது இப்னு முஆத் அவர்கள் அக்கூடாரத்திலேயே பராமரிக்கப்பட்டார்கள். அந்த மரபினைக் கொண்ட சமூகம், தம் பெண்களுக்குப் பெண் தாதியே வேண்டும் என்று எதிர்பார்த்துக் கொண்டு, தம் பெண்களைத் தாதியராக்கத் தயங்குவது முரண்பாடாகும். மறுபுறம், கண்ணியமான ஆடை, ஹலால் உணவு, பாதுகாப்பான தங்குமிடம் ஆகியவற்றை உறுதிப்படுத்துவது அரசின் பொறுப்பு. மாணவி தன் மார்க்கத்துக்கும் தொழிலுக்கும் இடையே ஒன்றைத் தெரிவு செய்யும்படி நிர்ப்பந்திக்கப்படக் கூடாது.

இதுவரை கூறியது நுழைவு பற்றியது. நுழைவோடு நின்றுவிட்டால் பயன் பாதிதான். தலைமைத்துவம் இல்லாத தொகை வெறும் தொகையே. ஒரு விடுதியில் ஐந்து தமிழ் பேசும் தாதியர் இருந்தும், ஐவருக்கும் ஒரே நேரத்தில் பகற்கடமை வழங்கப்பட்டால் இரவு நோயாளிக்கு அவர்களால் நன்மையில்லை. கடமைப் பட்டியலைத் தயாரிப்பவர் விடுதிப் பொறுப்புத் தாதி. ஒவ்வொரு கடமை மாற்றத்திலும் குறைந்தது ஒருவராவது நோயாளியின் மொழி அறிந்தவராக இருக்க வேண்டும் என்று அவர் தீர்மானித்தால், பணச் செலவின்றி, புதிய சட்டமின்றி, மறுநாளே மாற்றம் நிகழும். நோய் நிர்ணய அட்டையில் உள்ளதைத் தாய்மொழியில் விளக்கிய பின்னரே நோயாளியை வீட்டுக்கு அனுப்புவது என்ற வழக்கத்தையும் அவரே ஏற்படுத்த முடியும். இன்சுலின் எவ்வளவு, உணவுக்கு முன்னா பின்னா என்று புரியாமல் தோட்டத்துக்குத் திரும்பும் நோயாளி மீண்டும் மயங்கிய நிலையில் வருவதை இச்சிறு ஒழுங்கு தடுக்கும். தாதியத் தலைமைத்துவம் என்று நாம் குறிப்பிடுவது இத்தகைய அன்றாடத் தீர்மானங்களையே.

பொறுப்புத் தாதி, மேட்ரன், தாதியர் கல்லூரி விரிவுரையாளர் ஆகிய நிலைகளுக்கு உயர மேற்கல்வி அவசியம். கொழும்பில் அடிப்படைப் பயிற்சிக்குப் பிந்திய தாதியர் கல்லூரி உள்ளது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் கனடாவின் அதபாஸ்கா பல்கலைக்கழகத்தின் ஒத்துழைப்புடன் 1990களில் தாதியப் பட்டக் கற்கையை ஆரம்பித்தது. பின்னர் பேராதனை, ஸ்ரீ ஜயவர்தனபுர, றுகுணு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களும் தாதியப் பட்டம் வழங்க முன்வந்தன. இவ்வாய்ப்புகளை ஊவாவின் தாதியர் பயன்படுத்துவதற்கு விடுமுறையும் பதில் ஆளணியும் வேண்டும். குறிப்பாகத் தாதியர் கல்லூரிகளில் தமிழ் அறிந்த விரிவுரையாளர் உருவாகாதவரை, சிங்கள மாணவியருக்கு நோயாளியிடம் பேசும் தமிழைக் கற்பிக்கவும் ஆளிருக்காது. தமிழ் மாணவியரின் ஐயங்களைத் தீர்க்கவும் ஆளிருக்காது.

தமிழ் வாயிலாக மருத்துவம் கற்பித்தல் நமக்குப் புதிய விடயமன்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷனரி வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் உள்ளூர் மாணவரைத் தமிழிலேயே வைத்தியராக்கினார். மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். நோயாளியின் மொழியில் கற்றவனே அந்நோயாளியின் கிராமத்தில் நிலைத்து நிற்பான் என்பது அவரது கணிப்பு. தமிழகத்தின் திண்டிவனத்தில், 19ஆம் நூற்றாண்டின் இறுதியில், பெண் வைத்தியர் இல்லாமையால் ஒரே இரவில் மூன்று தாய்மார் பிரசவத்தில் மாண்டதைக் கண்டவர் ஐடா ஸ்கடர். அவர்களுள் ஒருவர் முஸ்லிம், ஏனைய இருவரும் இந்துக்கள். அத்துயரத்திலிருந்தே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி பிறந்தது. அங்கு 1909இல் தாதியர் பயிற்சி தொடங்கியது. 1946இல் பட்டப்படிப்பாக உயர்ந்தது. வெளியிலிருந்து தாதியரை எதிர்பார்த்துக் காத்திராமல் அந்த மண்ணின் பெண்களையே பயிற்றுவித்ததுதான் வேலூரின் வெற்றி.

காலம் தாழ்த்தக் கூடாத நிலை இன்று உருவாகியுள்ளது. 2022 பொருளாதார நெருக்கடியின்போது, அரச ஊழியர் ஐந்து ஆண்டுகள் வரை சம்பளமற்ற விடுமுறையில் வெளிநாடு செல்ல அனுமதி வழங்கப்பட்டது. பயிற்சி பெற்ற தாதியர் பலர் வெளிநாடுகளை நாடினர். உலக சுகாதார நிறுவனம் 2020இல் வெளியிட்ட அறிக்கை உலகில் 59 இலட்சம் தாதியருக்குப் பற்றாக்குறை உண்டென மதிப்பிட்டது. செல்வந்த நாடுகள் அந்தக் குறையை நம் போன்ற நாடுகளிலிருந்தே நிரப்ப முயல்கின்றன. மறுபுறம், 2014 ஒக்டோபரில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் நிகழ்ந்த மண்சரிவும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தில் ஏற்படுத்திய அழிவும், ஊவா மலைகளில் அனர்த்தம் ஒரு தொடர்கதை என்பதை உணர்த்துகின்றன. பாதைகள் துண்டிக்கப்படும்போது தோட்டத்தில் இருப்பவரே தோட்டத்தைக் காக்க வேண்டும். 2016ஆம் ஆண்டுத் தேசிய ஆய்வில், ஐந்து வயதுக்குட்பட்ட சிறாரில் வயதுக்கேற்ற உயரமின்மை நாடளாவிய ரீதியில் 17 சதவீதமாயிருக்க, பெருந்தோட்டத் துறையில் ஏறத்தாழ 32 சதவீதமாக இருந்தது. இந்த அன்றாட அனர்த்தத்தை எதிர்கொள்வதற்கும் மக்களோடு மக்களாய் வாழும் தாதியரும் குடும்பநல மருத்துவிச்சியருமே தேவை.

2017 மே 12ஆம் திகதி இந்தியப் பிரதமர் மலையகத்திற்கு வருகை தந்தபோது, இந்திய உதவியில் அமைந்த டிக்கோயா வைத்தியசாலைக் கட்டடம் திறந்து வைக்கப்பட்டது. அந்த நாள் சர்வதேச தாதியர் தினமாகவும் அமைந்தது. கட்டடம் ஒன்றை நட்பு நாடு அன்பளிப்பாகத் தரலாம். அக்கட்டடத்தினுள் நோயாளியின் மொழியறிந்து பணிபுரியும் தாதியை எந்த நாடும் அன்பளிப்பாகத் தர முடியாது. அவளை நாமே உருவாக்க வேண்டும்.

ஆகவே ஊவாவின் மக்கள் பிரதிநிதிகளிடமும் தொழிற்சங்கங்களிடமும் நாம் எதிர்பார்ப்பவை சில. தமிழ் மொழி மூல விஞ்ஞானப் பிரிவுகளின் ஆசிரியர் வெற்றிடங்களை நிரப்புவதை அவர்கள் முதற்கோரிக்கையாக்க வேண்டும். பதுளை தாதியர் கல்லூரியில் ஊவாவின் தமிழ் பேசும் மாணவியருக்குரிய இடம் குறித்துச் சுகாதார அமைச்சுடன் பேச வேண்டும். தகைமையுள்ள தோட்ட மருத்துவிச்சியரும் பிள்ளைக் காம்பராப் பொறுப்பாளரும் முறையான பயிற்சிக்குள் நுழைய ஓர் இணைப்புக் கற்கைநெறியைக் கோர வேண்டும். ஆலய பரிபாலன சபைகளும் பள்ளிவாசல் நிர்வாகங்களும் ஆண்டுக்கு ஒரு மாணவியின் உயர்தர விஞ்ஞானக் கல்விச் செலவை ஏற்றாலே, பத்தாண்டுகளில் ஊவாவின் விடுதிகளில் மாற்றம் தென்படும். இன்று தாதியராகப் பணிபுரியும் மலையகப் பெண்கள் தாம் கற்ற பாடசாலைக்கு ஒரு தடவை சென்று பத்தாம் தர மாணவியரோடு பேசினால், அது எந்த அறிக்கையை விடவும் பயன்தரும்.

மலையகத்தின் வரலாற்றில் நாம் பலவற்றுக்காகப் போராடியுள்ளோம்: நாட்கூலிக்காக, காணிக்காக, பிரஜாவுரிமைக்காக. இனி வரும் போராட்டம் பெரும்பாலும் வகுப்பறையில் நடைபெற வேண்டியது. அடுத்த உயர்தர அனுமதி நடைபெறும்போது, கலைப்பிரிவுப் படிவத்தை நிரப்பக் காத்திருக்கும் தோட்டத்து மாணவியிடம், ‘விஞ்ஞானம் படி, உடனிருக்கிறோம்’ என்று சொல்ல யாரேனும் இருப்பார்களா என்பதே இப்போது நம் முன்னுள்ள கேள்வி.